பகல் தூக்கத்துக்கு ஓர் அறை

எங்கள் வீட்டில் இரவு தொடங்குவது காலை ஒன்பதரை மணிக்கு. தல்லாகுளத்தில் மற்ற வீட்டு ஆண்கள் எல்லாம் தலையை வாரி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் கிளம்பி முடித்த நேரத்தில், என் வீட்டுக்காரர் புருவத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்க சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வருவார். பஞ்சாலையில் மூன்றாம் ஷிப்ட். ராத்திரி போனால் காலையில்தான் வெளியே விடுவார்கள். வந்து குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். பெண்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயிருக்கும். நான் பாத்திரத்தைக்கூட சத்தம் வராமல் கழுவப் பழகியிருந்தேன்.

படுப்பார் என்றுதான் சொன்னேன், தூங்குவார் என்று சொல்லவில்லை. பதினோரு மணி வரைக்கும் ஏதோ கண்ணை மூடிக் கிடப்பார். அதற்கப்புறம் புரண்டு புரண்டு, பன்னிரண்டு மணிக்குப் பாயெல்லாம் நனைந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு மின்விசிறி இருந்தது. இருந்து என்ன? கரண்ட் இருந்தால்தானே சுற்றும். சுற்றினாலும் மேலே இருக்கிற அனலை அள்ளிக் கீழே போடும், அம்புட்டுத்தான் அதன் வேலை.

எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ, வருஷம் சரியாக நினைவில்லை. மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். ஒரு நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். மெமோ. மிஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கியிருக்கிறார். மேஸ்திரி பார்த்துவிட்டார். அதற்கு முந்தின வருஷம் ஒன்று வாங்கியிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"இது ரெண்டாவது. மூணாவது வந்துச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க புள்ள" என்றார்.

"நின்னுக்கிட்டே எப்படீங்க தூங்குனீக?"

"எனக்கென்ன தெரியும்? தூங்குறவனுக்குத் தெரியுமா?" என்று சிரித்தார். அப்புறம், "கை உள்ள போயிருந்தா இந்தத் தாளை வாங்க கை இருந்திருக்காது" என்றார். அதற்கும் சிரித்தார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தேன், விரல் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுகிற மாதிரி.

"அய்யாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அய்யா என்றால் என் மாமனார். கொட்டாம்பட்டிப் பக்கம் நாலு துண்டு நிலத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்தார். மகன் வயலை விட்டு மில்லுக்குப் போனதில் முதலில் அவருக்குக் கோபம். அப்புறம் வேலை நிரந்தரம் ஆனதும், சந்தையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லியே பொழுதைக் கழித்தவர். அவரிடம் போய் உங்கள் மகன் வேலையில் தூங்கினான் என்று எப்படிச் சொல்வது? நானும் சத்தியம் செய்தேன்.

அந்த மாசியில்தான் வீட்டை இழுத்துக் கட்டுவது என்று முடிவானது. அவர் தூங்க ஓர் அறை வேண்டும், அதுதான் காரணம். மாமனாரிடம் சொன்ன காரணம் வேறு: பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் பற்றவில்லை.

வீடு கிழக்குப் பார்த்தது. இரண்டு அறை, ஓர் அடுப்படி, பின்னால் வடமேற்கு மூலையில் விறகும் பழைய பாத்திரமும் போடுகிற சாமான் அறை. தென்மேற்கு மூலை வெறும் மண் தரை. சாமான் அறை ஓடு போட்டது. மற்றதெல்லாம் காங்கிரீட் தளம். கட்டின புதிதில் தார்சு வீடு, தார்சு வீடு என்று எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை. சித்திரை வெயில் அந்தப் பெருமையை இறக்கி வைத்தது.

மாமனார் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்கு ஆளைக் கூப்பிடுகிற தொண்டை அவருக்கு. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"கன்னி மூலைல போடுங்க. தென்மேக்குல அறையைப் போட்டு, குடும்பத் தலைவன் அங்க படுத்தாத்தான் வீடு நிக்கும். மனையடி சாஸ்திரத்துல இருக்கு."

நானும் தலையை ஆட்டினேன். எனக்கும் அப்போது ஒரு மண்ணும் தெரியாது. மாமனார் பக்கத்திலேயே இருந்து, மேற்கே இரண்டு பெரிய ஜன்னல் வைக்கச் சொன்னார். ஆடிக் காற்று வருமாம். கோரிப்பாளையத்திலிருந்து வந்த கொத்தனார் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள். கட்டி முடிகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் தம்மோடு வேலை பார்க்கிற ஒருவர் வீட்டில் போய்ப் பகலில் படுத்துக்கொண்டார். சித்திரைக் கடைசியில் பால் காய்ச்சி, கட்டிலைக் கன்னி மூலையில் போட்டோம். மாமனார் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக ஊருக்குப் போனார்.

முதல் நாள் என் வீட்டுக்காரர் பதினொன்றரைக்கே வெளியே வந்தார். முகம் வெந்த கிழங்கு போல் இருந்தது. "பழைய ரூமே தேவலை புள்ள" என்றார். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. ஆறு வாரம் மண்ணிலும் சிமெண்டிலும் கிடந்து, ஒரு அடுப்பைக் கட்டி வைத்திருக்கிறோம்!

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு விஷயம் ஏன் அப்படி என்று மனதில் விழுந்துவிட்டால் சோறு இறங்காது. இது ஏன் இப்படிக் கொதிக்கிறது? புதுச் சுவர், உயரமான கூரை, பெரிய ஜன்னல். எல்லாம் நல்லதுதானே? மறுநாளிலிருந்து மணிக்கொரு தரம் ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். காலை எட்டு மணிக்குக் கன்னி மூலையின் மேற்குச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலே இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை, அதற்குள் எப்படிச் சூடு? அது நேற்றைய சூடு! நேற்றுச் சாயங்காலம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கிவிட்டு, மிச்சத்தைக் காலையிலும் கக்கிக்கொண்டிருக்கிறது. இது தெரிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லக் கூடாது. புருஷன் தூக்கமில்லாமல் கிடக்கிறார், இவள் சுவரைத் தொட்டுவிட்டுச் சிரிக்கிறாள் என்பார்கள்.

உள்ளங்கைக் கணக்குப் பற்றவில்லை. வீட்டில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுபோய் மொட்டைமாடித் தரையில் வைத்துவிட்டு, குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு வரலாம் என்று இறங்கினேன். திரும்பிப் போனால் நுனி வெடித்துக் கிடக்கிறது. பாதரசம் குட்டிக் குட்டி மணியாக மாடி முழுக்க ஓடுகிறது. காலண்டர் தாளை மடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து அதைத் துரத்தினேன். பிடித்தால் இரண்டாகிறது, இரண்டைப் பிடித்தால் நாலாகிறது. வியர்த்து ஊற்ற நான் மாடியில் குந்திக் குந்தி நடப்பதைப் பார்த்து, படுக்க முடியாமல் மேலே வந்த என் வீட்டுக்காரர் கேட்டார்: "யாருக்குக் காய்ச்சல்? தரைக்கா?"

"ஆமா, நூத்தி எட்டுக்கு மேல" என்றேன்.

அவர் அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் கண் இரண்டும் சிவந்து கிடந்தது. பக்கத்து மிஷின்காரர் அரை மணிக்கொரு தரம் இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பிவிடுகிறார் என்றும் அன்றைக்குத்தான் சொன்னார். அடுத்தவர் தயவில் எத்தனை ராத்திரி ஓடும்? எனக்கு அந்தக் கவலை ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருந்தது.

தெர்மாமீட்டர் போனபின் மெழுகுவர்த்திக்கு வந்தேன். ஒரே பெட்டியிலிருந்து நாலு வர்த்தியை எடுத்து நாலு இடத்தில் நிறுத்தினேன். முன் அறை, நடு அறை, கன்னி மூலை அறை, சாமான் அறை. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் கன்னி மூலை ஜன்னல் ஓரத்து வர்த்தி இடுப்பு ஒடிந்து தலையைத் தரையில் போட்டிருந்தது. மற்ற இரண்டும் லேசாகக் கூனியிருந்தன. சாமான் அறையில் வைத்தது மட்டும் விறைப்பாக நின்றது. நான் நம்பவில்லை. இடத்தை மாற்றி மாற்றி மூன்று நாள் வைத்தேன். மூன்று நாளும் அப்படித்தான்.

அப்புறம்தான் பூனையைக் கவனித்தேன். அது எங்கள் பூனை இல்லை, தெருப் பூனை. பத்து மணி வரை முற்றத்தில் கிடக்கும். வெயில் ஏறினால் நேரே சாமான் அறை. விறகுக்குப் பின்னால் வடக்குச் சுவரை ஒட்டி நாலு காலையும் நீட்டிக் கிடக்கும். கன்னி மூலை அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்று சும்மாவா சொன்னார்கள். சாஸ்திரம் படிக்காத அதற்குத் தெரிந்தது, பதினொன்றாம் வகுப்பு வரை படித்த எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஆத்திரமாகக்கூட வந்தது.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. சாமான் அறைக்குப் பின்னால் இருந்தது இரண்டு மாடி வீடு. மதியம் சாய்ந்ததும் அதன் நிழல் இதன் மேல் விழுந்துவிடும். வடக்கே பக்கத்து வீட்டு வேம்பு. கன்னி மூலைக்கோ மேற்கும் தெற்கும் காலி மனை. ஒதுங்க ஒரு குச்சி நிழல் கிடையாது. ராத்திரி படுக்கிறவன் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஒருவேளை சமாளிக்கலாம். பகலில் படுக்கிற மனிதனை வீட்டிலேயே அதிகம் வெயில் விழுகிற மூலையில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறோம். நாங்களே செங்கல் சுமந்து, பாலும் காய்ச்சி!

கொத்தனார் பாயைக் கூப்பிட்டுவிட்டேன். வந்தவர் சாமான் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதத்தான் தங்கச்சி நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றார்.

"நெனச்சா வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன பாய்?"

"ஒங்க மாமனார் பேசி முடிக்கட்டும்னு இருந்தேன். அவரு முடிக்கவே இல்ல."

சாமான் அறையைத் துணி துவைக்கிற இடத்தையும் சேர்த்து அகலப்படுத்தி, ஓட்டைப் பிரித்துவிட்டு உயரமாகத் தளம் போடுவது என்று பேசினோம். மேலே கீற்றுக் கொட்டகை போட்டால் குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி என்றார் பாய். நான் மாட்டேன் என்றேன். வருஷா வருஷம் கீற்று மாற்ற வேண்டும், எலி வரும், தீபாவளி வந்தால் எந்த ராக்கெட் எங்கே விழும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு தடவை செய்தால் அப்புறம் அது நம்மைக் கூப்பிடக் கூடாது, கரண்டையும் கேட்கக் கூடாது, அப்படி ஒன்று சொல்லுங்கள் என்றேன். பாய் தாடியைத் தடவினார்.

"அப்ப சட்டி வச்சிருவோம்."

"சட்டியா?"

"மண் சட்டி தங்கச்சி. தளத்து மேல நெருக்கமாக் கவுத்து வச்சு, இடைல செங்கச் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, மேல தட்டோடு பதிச்சிரலாம். சட்டிக்குள்ள இருக்குற காத்து வெளிய போகாது, வெயில் உள்ள வராது. எங்க வாப்பா ரெண்டு மூணு வீட்டுல செஞ்சிருக்காரு. நல்லா இருக்கும், இன்ஷா அல்லா."

காற்றை அடைத்து வைத்து வெயிலைத் தடுப்பதா! எனக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்க அதே நினைப்பு. அப்படியானால் சட்டி ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, கவிழ்த்துத்தானே வைக்கப் போகிறோம் என்று தோன்றியது. மறுநாள் ஆற்றங்கரைப் பக்கம் சட்டிக் கடையில் போய், "ஓட்டை ஒடசல் சட்டி இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாரும் தட்டித் தட்டிப் பாத்து நல்ல சட்டி கேப்பாக, நீ என்ன ஓட்டைச் சட்டி கேக்குற? புருசன்கூடச் சண்டையா?" என்றாள். சண்டை இல்லை, அவரைத் தூங்க வைக்கத்தான் என்றேன். அவளுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. ஒரு கைவண்டி நிறையச் சல்லிசாக ஏற்றிவிட்டாள்.

ஆனி மாதம் வேலை நடந்தது. தளம் போட்டு இறுகி, சட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து, பாதிக்குச் சுண்ணாம்புக் கலவையும் போட்டாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து மாமனார் வந்து நின்றார். யார் போய்ச் சொன்னார்களோ. என் வீட்டுக்காரர் அப்போது கூட்டாளி வீட்டில் படுக்கப் போயிருந்தார். பாயும் டீ குடிக்கப் போயிருந்தார். நானும் மாமனாரும் மட்டும்.

ஏணியில் ஏறிப் பார்த்தவர் அப்படியே இறங்கினார்.

"வீட்டு மேல சட்டியக் கவுத்தி வச்சிருக்கீகளே, சட்டியக் கவுக்குறதுன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு? இது யாரு செஞ்ச வேலை?"

"நான்தான் மாமா."

"யாரு படுக்குறதுக்கு?"

"ஒங்க மகனுக்குத்தான்."

"வாயு மூலையிலயா? வாயு மூலைல படுத்தவன் வீடு தங்க மாட்டான், தெரியும்ல? கன்னி மூலைல ராசா மாதிரி ரூமு கட்டிக் குடுத்திருக்கேன். அத விட்டுட்டு வெறகு கெடந்த எடத்துல எம் மகனைக் கொண்டாந்து போடுறியா? ஒனக்கு வெளையாட்டுக்கு வேற எடம் கெடைக்கலையா?"

விளையாட்டு என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து மாதமாக நான் பட்டது எனக்குத்தானே தெரியும். ஒவ்வொரு காலையும் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிற வரைக்கும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வந்ததும் முதலில் கையைப் பார்ப்பேன், அப்புறம் சட்டைப் பையைப் பார்ப்பேன். இவருக்கு இது விளையாட்டா?

"ஆமா மாமா, வெளையாட்டுத்தான்! ஒங்க ராசா ரூமுல ஒங்க மகன் ஒரு நாள் முழுசாத் தூங்கல. தூக்கமில்லாமப் போயி மிஷின்கிட்ட நின்னுக்கிட்டே தூங்கி ரெண்டு மெமோ வாங்கியாச்சு. இன்னொண்ணு வந்தா வேலை போச்சு. கை போனாலும் போச்சு. அப்ப எந்த மூலைல கொண்டுபோயிப் போடுவீக?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

மாமனார் செங்கல் அடுக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஏங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"ஒங்ககிட்டச் சொல்ல வெக்கப்படுறாக மாமா. சொல்லக் கூடாதுன்னு ஏங்கிட்டச் சத்தியம் வாங்கிருக்காக. தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாக."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போனது. மாமனார் வருவார், மகனை நிற்க வைத்துக் கேட்பார், அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்கு நான் என்ன பதில் வைத்திருக்கிறேன்? அடித்தால்கூடத் தாங்கலாம். அவர் அடிக்கிற ஆளும் இல்லை. அறை வேலை அது பாட்டுக்கு முடிந்தது. தட்டோடு பதித்து, மேலே கட்டியாகச் சுண்ணாம்பு அடித்து, வேம்புப் பக்கம் தாழ்வாக ஒரு ஜன்னலும், எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி இரண்டு துவாரமும் வைத்தோம். உச்சி வெயிலில் நான் உள்ளே போய் நின்று பார்த்தேன். கோயில் பிரகாரத்தில் நுழைந்த மாதிரி இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் உள்ளே படுக்க மாட்டேன் என்றுவிட்டார். "அய்யா கட்டுன ரூமை விட்டுட்டு இங்க படுத்தா அவரு மனசு சங்கடப்படும் புள்ள. அவரு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்." தகப்பனுக்குப் பயந்து அந்த அடுப்பிலேயே போய்க் கிடந்தார். அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு அந்தச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்த நேரம், வாசலில் மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டி நிறைய நெல் மூட்டை. முன்னால் மாமனார். ஊரிலிருந்து லாரியில் கோரிப்பாளையம் வரை கொண்டுவந்து, அங்கே வண்டி பிடித்திருக்கிறார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆளை விட்டு மூட்டைகளை நேரே கன்னி மூலை அறைக்குள் கொண்டுபோய், மேற்குச் சுவரை ஒட்டி அடுக்கச் சொன்னார். கட்டிலைத் தாமே ஒரு பக்கம் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

ஈரத் தலையோடு ஓடி வந்த என் வீட்டுக்காரர் திகைத்து நின்றார். "என்னங்கய்யா இது?"

"கன்னி மூலைல கனம் இருக்கணும்டா. சாஸ்திரத்துல அதான் முக்கியம். நான்தான் மறந்து போனேன். ஒரு கட்டிலைப் போட்டா கனம் ஆயிருமா? நெல்லு இருந்தாத்தான் வீடு நெறையும்."

"அப்ப நான் எங்க படுக்குறது?"

"எங்கனயாச்சும் படு. அந்தச் சாமான் ரூமு சும்மாத்தான கெடக்கு."

"அது வாயு மூலை. அங்க படுத்தா வீடு தங்க மாட்டான்னு நீங்கதான சின்ன வயசுல இருந்து சொல்லிருக்கீக?"

மாமனார் குனிந்து ஒரு மூட்டையின் வாய்க்கட்டை இழுத்துப் பார்த்தார்.

"அது ராத்திரி படுக்குறவனுக்குடா" என்றார். "பகல்ல படுக்குறவனுக்குக் கணக்கு வேற."

அப்படி ஒரு கணக்கு எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். சிரிப்புத்தான் வந்தது என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "அய்யாவுக்கு வயசாயிருச்சு போல புள்ள, எனக்குக் கட்டுன ரூமுல நெல்லை அடுக்குறாரு" என்று முணுமுணுத்தார். "பெரியவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும், போய்ப் படுங்க" என்றேன். அப்படி நான் சொன்னதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

பத்து மணிக்குப் படுத்தார். பதினொன்று ஆனது, கட்டில் சத்தம் இல்லை. பன்னிரண்டு ஆனது, இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது. மாமனார் நடு அறையில் சுவரோடு சாய்ந்து, சாப்பாடு வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்கு என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தூங்குறானா?" அவ்வளவு மெதுவாகப் பேச அவருக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"தூங்குறாக மாமா."

நம்பாமல் எழுந்து, கதவோரம் போய் நின்று பார்த்தார். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். மாமனார் ரொம்ப நேரம் அந்தத் தொங்கின கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் உப்பு வண்டிக்காரர் குரல் கொடுத்தார். மாமனார் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். இரண்டு கையையும் ஆட்டி, வாயில் விரலை வைத்து, அந்த வண்டியைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த லைட் கம்பத்து ஓரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். பழைய பேப்பர்காரர் வந்தார், ஈயம் பூசுகிறவர் வந்தார், ஐஸ் வண்டி வந்தது. ஒவ்வொருவரிடமும் பாதி வழியிலேயே போய் என்னவோ சொன்னார். அவர்களும் மணியைப் பொத்திக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்காமல் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "அவன்கிட்டச் சொல்லிராத தாயி" என்றார்.

நாலரை மணிக்கு என் வீட்டுக்காரர் தானாக எழுந்து வந்தார். முகம் வீங்கி, கண் தெளிந்து இருந்தது. சோம்பல் முறித்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"என்ன புள்ள, இன்னைக்குத் தெருவுல ஒருத்தனும் வரலையா?"